இடம் இல்லாத வண்டி

வண்டி அவளுடையது. ஓட்டுவது அவள், கழுவுவது அவள், டயர் பஞ்சரானால் ஜாக்கி போட்டுத் தூக்குவதும் அவள்தான். ஆனால் வண்டி வேண்டும் என்று வருகிறவர்கள் அவள் கணவனிடம்தான் கேட்பார்கள்.

"ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதானே நிக்குது?"

அவள் பக்கத்திலேயே நிற்பாள். சில சமயம் சாவிகூட அவள் கையில் இருக்கும். கேட்பவர் சாவியைப் பார்ப்பார், பிறகு அவளைத் தாண்டி அவனைப் பார்ப்பார். அவன் சிரிப்பான்.

"எடுத்துட்டுப் போங்க, அதுக்கென்ன."

அதுக்கென்ன. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் காதுமடல் சூடாகும்.

அவள் ஷட்டர் மெக்கானிக். கடை வாசலில் சுருண்டு மேலேறும் இரும்புக் கதவைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் வேலை. தெருவில் ஷட்டரக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு, ஷட்டர் செய்யும் பட்டறை ஒன்றில் தகட்டுப் பட்டைகளுக்குப் பெயின்ட் அடிக்கச் சேர்ந்தாள். மூக்கைச் சிந்தினால் சாம்பல் நிறத்தில் வரும். ஒருநாள் பொருத்துகிற ஆள் வரவில்லை என்று முதலாளி அவளைக் கூட்டிப்போனார். ஸ்ப்ரிங்கை முறுக்கும்போது கதவு சுருளும் பைப்பைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிடித்தாள். திரும்பி வந்து, இனி பெயின்ட் அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முதலாளி சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பல வருடம் பட்டறையில் இருந்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியபோது இந்த வண்டியை வாங்கினாள். முன்னால் இருவர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. யாரோ காய்கறி ஏற்றி ஓட்டிய பழைய பிக்கப். முதல் மழையில் தொட்டியின் மூலையில் வெங்காயத் தோல் மிதந்தது.

கணவன் மருந்துக்கடையில் விற்பனையாளன். நல்ல மனிதன். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்று நின்று, யார் எதைக் கேட்டாலும் திரும்பி எடுத்துக் கொடுக்கும் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. கடையிலாவது டாக்டர் சீட்டு கேட்பான். வண்டிக்கு அதுவும் கிடையாது.

அப்படி அந்தத் தொட்டியில் போகாத பொருள் இல்லை. மெத்தை, செங்கல், கோழிக்கூண்டு, தண்ணீர் டேங்க், ஒருமுறை யாரோ வளர்த்த கன்றுக்குட்டி. திரும்பி வரும்போது டீசல் முள் படுத்திருக்கும். தொட்டியில் மரத்தூள், உடைந்த ஓடு, ஒற்றைச் செருப்பு. கன்றுக்குட்டி என்ன விட்டுப்போனது என்று சொல்ல வேண்டியதில்லை. கழுவியது யார் என்றும்.

இரவல் கொடுப்பதற்கு முன்னால் அவளுடைய சாமான்களை இறக்கி வாசலில் குவிப்பது கணவனின் வேலை.

"பத்திரமா இறக்கி வெச்சிருக்கேன்" என்பான்.

பத்திரம் என்றால் கயிறுக்குள் செயின், செயினுக்குள் போல்ட், எல்லாவற்றுக்கும் மேல் கிரீஸ் டப்பா, மூடி இல்லாமல். ஒருநாள் காலை ஒரு பேக்கரிக்காரர் கூப்பிட்டார். ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ரொட்டி வெந்துகொண்டிருக்கிறது, வெளியே ஆட்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போனாள். தொட்டியில் ஏறித் தார்ப்பாயைப் புரட்டினாள். பெரிய பைப் ரெஞ்ச் இல்லை. முதல் நாள் யாரோ கட்டில் ஏற்றிப் போயிருந்தார்கள். கட்டிலோடு ரெஞ்சும் போய்விட்டது. முழங்கால் போட்டுத் துழாவுகிறவளைப் பேக்கரிக்காரர் ஷட்டருக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொம்பளைங்க கைப்பையில தேடற மாதிரி தேடறியேம்மா" என்றார்.

வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். அந்த ஆளும் அவளுக்குத் தெரிந்தவன்தான். வந்து, வேலையை முடித்துவிட்டு, போகும்போது பரிதாபமாகத் தலையாட்டினான். பேக்கரிக்காரர் பேச்சைவிட அந்தத் தலையாட்டல்தான் எரிந்தது.

அன்று மாலையே தொட்டியை அளந்தாள்.

பட்டறையில் கழித்துப் போட்ட சதுரக் குழாய்களை வாங்கி வந்து சட்டம் பற்றவைத்து, மேலேயும் பக்கங்களிலும் தகடு அடித்தாள். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் மேலே தொட்டிக்குள் எழும்பியிருக்கும் மேடுகளைத்தான் எல்லோரும் வீணான இடம் என்பார்கள். அவள் ஒவ்வொரு மேட்டின் இரண்டு பக்கமும் பிளைவுட்டை அறுத்துச் செருகி, முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி என்று நான்கு பெட்டி செய்தாள். நடுவில் முழு நீளத்துக்கு இரண்டு இழுப்பறைகள், ஒன்றன்மேல் ஒன்று. கீழே கனமானவை: செயின், ஜாக்கி, வெல்டிங் மெஷின். மேலே கைக்கு அடிக்கடி வருபவை. இழுப்பறை ஓடுவதற்குக் கடையில் விற்கும் தண்டவாளம் வாங்கவில்லை. பழைய ஷட்டரின் பட்டைகள் ஏறி இறங்கும் பக்கச் சேனல்களைப் படுக்கவைத்துப் பொருத்தி, மெழுகுவத்தி தேய்த்தாள். ஒரு விரலால் இழுத்தால் வந்தது. வண்டி குலுங்கும்போது தானாக வராமலிருக்கச் சேனலின் முனையில் ஒரு சிறு தடுப்பு வைத்தாள். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு இழுக்க வேண்டும். தெரியாதவன் நாள் முழுக்க இழுத்தாலும் வராது.

கழிவுநீர்க் குழாயைக் குறுக்கே வெட்டி அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு அளவு ஸ்ப்ரிங். சமையல் எண்ணெய் கேன்களைப் பக்கவாட்டில் கிழித்து, ஓரத்தை மழுக்கி, நட்டுக்கும் வாஷருக்கும். ரெஞ்சுகளுக்குப் பலகையில் அதனதன் உருவத்தை வரைந்து ஆணி அடித்தாள். எது இல்லை என்பது, எது இருக்கிறது என்பதைப்போலவே கண்ணுக்குத் தெரிந்தது.

கடைசியில் பின்பக்கத்துக்கு ஒரு ஷட்டர். முழு ஷட்டர்தான், அளவுதான் சின்னது. பட்டை, பைப், ஸ்ப்ரிங், பூட்டு எல்லாம் உண்டு. கைப்பிடியைத் தொட்டு மேலே தள்ளினால் சரசரவென்று சுருண்டுகொள்ளும். வாடிக்கையாளர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை. ஷட்டருக்காகக் கூப்பிட்டவர்கள் முதலில் வண்டியின் ஷட்டரை இரண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, தொட்டியில் மெத்தை போட இடமில்லை.

கொழுந்தன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கணவனின் தம்பி. அம்மாவோடு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருப்பவன். வண்டியை அதிகம் இரவல் வாங்கியவன் அவன்தான்.

"என்ன அண்ணி, வீட்ல இல்லாத அலமாரியெல்லாம் வண்டிக்குச் செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"வீட்டு அலமாரிய யாரும் இரவல் கேக்கறதில்லயே."

"எனக்குச் சொல்ற மாதிரி இருக்கு."

"மாதிரி என்ன, உனக்குத்தான்."

அவன் சத்தமாகச் சிரித்தான். அண்ணி தமாஷ் செய்வதாக நினைத்துக்கொண்டான்.

பிறகு தொலைபேசி வரும்போதெல்லாம் கணவன் ஒரே பதில் சொன்னான். "குடுக்கக்கூடாதுன்னு இல்லப்பா, இடமே இல்ல. பின்னாடி பூரா பெட்டி." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி. கேட்டவருக்கு வருத்தமில்லை, சொன்னவருக்கும் சங்கடமில்லை. அவளுக்கும் அது போதும் என்றுதான் இருந்தது. மூன்று மழைக்காலம் அப்படியே போனது. அவள் தொழில் இரட்டிப்பானது. ஆனால் கணவன் வாயிலிருந்து 'அது அவ வண்டி' என்று ஒருமுறைகூட வரவில்லை. பலகையும் இரும்பும்தான் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தன.

கடைவாய்ப் பல் ஒன்று அவளை ஒரு வாரமாக வதைத்தது. பிடுங்கிவிடலாம் என்றார் டாக்டர். அன்று வண்டி ஓட்டக்கூடாது என்றதால் பஸ்ஸில் போனாள். பல்லைப் பிடுங்கி, பள்ளத்தில் பஞ்சை வைத்து, "நல்லா கடிச்சுக்கங்க. ஒரு மணி நேரம் வாயத் திறக்கக்கூடாது, பேசக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

தெருமுனையில் இறங்கும்போதே தெரிந்தது. வண்டியைச் சுற்றிக் கூட்டம்.

இழுப்பறைகள் இரண்டும் தெருவில் கிடந்தன. வெறுமனே இழுத்தால் வராததால் கடப்பாரை போட்டு நெம்பியிருந்தார்கள். சேனலின் முனைகள் பிளந்திருந்தன. எண்ணெய் கேன்கள் கவிழ்ந்து, நட்டும் வாஷரும் சாக்கடை ஓரம்வரை சிதறியிருந்தன. ஷட்டர் ஒரு பக்கம் தொங்கியது. வண்டியின் படியில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டு பூரிபோல் வீங்கியிருந்தது. மாமியார் அதற்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். கணவன் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் நின்றான்.

என்ன நடந்தது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. கொழுந்தன் வீடு மாற வேண்டும். அண்ணனிடம் வண்டி கேட்டிருக்கிறான். இடமில்லை என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அப்படியானால் இடம் பண்ணிக்கொள்ளலாமே, போல்ட்டுதானே, கழற்றிவிட்டு மாலையில் மாட்டிவிடலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அதுக்கென்ன.

இழுப்பறைகளை எடுத்தபின் ஷட்டரைக் கழற்றப் போயிருக்கிறார்கள். ஷட்டரின் பைப்பை முதலில் ரெஞ்சால் இறுகப் பிடித்து, உள்ளே முறுக்கிய ஸ்ப்ரிங்கைச் சுற்றுச் சுற்றாகத் தளர்த்திவிட்டுத்தான், பைப்பைச் சட்டத்தோடு இறுக்கியிருக்கும் கிளாம்ப்பில் கைவைக்க வேண்டும். கொழுந்தன் ரெஞ்சைப் பைப்பில் மாட்டியிருக்கிறான், அது சரி. மாட்டியதைப் பிடிக்காமல் கிளாம்ப்பைக் கழற்றினான். பைப் ரெஞ்சையும் சேர்த்துக்கொண்டு சுழன்றிருக்கிறது. முகத்தில் படாமல் மணிக்கட்டில் பட்டது அவன் அதிர்ஷ்டம்.

மாமியார் அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வந்துட்டியா? பாரு, நல்லா பாரு. வண்டியில கண்ணி வெச்சு வெச்சிருக்கியே, பொட்டிக்குள்ள என்ன தங்கமா இருக்கு? ஒட்டின உறவு ஒரு சாமான் ஏத்தக்கூடாதுன்னு இப்படியா செய்வாங்க?"

அவள் வாயில் பஞ்சு இருந்தது.

"பேசு. ஏன் பேச மாட்டேங்கற? செஞ்சதெல்லாம் செஞ்சுட்டு வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி நிக்கற."

கணவன் ஒரு அடி முன்னால் வந்தான். "விடும்மா. அவ வேணும்னு செய்யல."

வேணும்னு செய்யல. என்ன செய்தாள்? அவள் பல் பிடுங்கப் போயிருந்தாள். பூட்டிய வண்டியைத் திறந்தது யார், கடப்பாரையை எடுத்தது யார், கிளாம்ப்பைக் கழற்றியது யார்? இதில் 'அவ' என்ற சொல்லுக்கு எங்கே இடம்? இவ்வளவு வருடத்தில் அவளுக்காக அவன் வாயைத் திறந்தது அந்த ஒருமுறைதான், அதுவும் அவளைக் குற்றவாளியாக்கி மன்னிப்பு வாங்கித்தர.

பஞ்சை எடுத்தாள். எச்சிலும் ரத்தமுமாகத் தெருவில் துப்பினாள். கூட்டம் பின்வாங்கியது.

"சாவி யார் குடுத்தது?"

உதடு மரத்திருந்ததால் பாதிச் சொல் காற்றாகப் போனது. மறுபடி சொன்னாள். "சாவி. யார். குடுத்தது."

"நான்தான்" என்றான் கணவன். "உன்கிட்ட சொல்லிக்கலாம்னு..."

"எப்ப? சாமான் இறக்குன பிறகா, கை போன பிறகா?"

"முதல்ல இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அப்புறம் பேசலாம்..."

"ஆட்டோவுல போங்க. இந்த வண்டியில இடம் இல்ல."

சொன்ன பிறகு அவளுக்கே அந்தப் பதில் கசந்தது. இவ்வளவு நடந்தும் இன்னும் இடத்தைத்தான் சாக்குச் சொல்கிறாள்.

எலும்பில் விரிசல் என்று மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஒரு வாரம் குடும்பத்தில் அதே பேச்சு. சித்தப்பா ஒருவர் போனில் கூப்பிட்டு, வண்டி என்றால் நாலு பேருக்கு உதவத்தானே என்றார். அவர் ஸ்கூட்டரை யார் கேட்டாலும் பிரேக் சரியில்லை என்பவர். மாமியார் ஒரு தீர்ப்பே சொல்லியனுப்பினார்: அந்த ஷட்டரைக் கழற்றிப் போட்டால்தான் இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பேன்.

அவள் இழுப்பறைகளைச் செப்பனிட்டாள். பிளந்த சேனல்களை அறுத்தெடுத்துப் புதிது பற்றவைத்தாள். சாக்கடை ஓரத்தில் பொறுக்கிய நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். எரிச்சலில் எதையாவது எறிந்துவிடுவோமோ என்று பயந்ததால் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தாள். ஷட்டரை மாட்டும் நாளில் கணவனைக் கூப்பிட்டாள்.

"இதப் புடிங்க."

ரெஞ்சை இரண்டு கையாலும் பிடித்தான். அவள் இன்னொரு ரெஞ்சால் பைப்பைத் திருகினாள். ஒரு சுற்று. அடுத்தது. ரெஞ்ச் அவனை முன்னால் இழுத்தது.

"இவ்வளவு இழுக்குமா?"

"விட்டுடாதீங்க."

"இத நீ தனியாவா செய்வே?"

"வேற யாரு செய்வா? உங்க தம்பியா?"

அவள் கிளாம்ப்பை முடுக்கி முடிக்கும்வரை அவன் மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். விட்டதும் உள்ளங்கையைப் பார்த்தான். ரெஞ்சின் வரிகள் பதிந்திருந்தன.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "மூணு வருஷமா கேக்கறவங்ககிட்டெல்லாம் இடம் இல்லன்னு சொன்னீங்க. இடம் இருந்திருந்தா?"

அவன் ரெஞ்சைக் கீழே வைத்தான்.

"இடம் இருந்திருந்தா குடுத்திருப்பீங்க. என்னைக் கேக்காம. அதனாலதான் உங்க தம்பி இடம் பண்ணிக்கிட்டான். அவன் மேலகூட எனக்கு அவ்வளவு கோவம் இல்ல. இருக்கு, ஆனா அவ்வளவு இல்ல. இது என் வண்டின்னு நீங்க யார்கிட்டயாவது ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?"

"எல்லாருக்கும் தெரியுமே அது."

"யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

அவன் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் ஷட்டரை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

கொழுந்தன் அடுத்த வாரம் வந்தான். மாவுக்கட்டைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டிருந்தான். வீட்டுக்காரர் கெடு கொடுத்துவிட்டாராம். புது வீட்டுச் சாவி வந்துவிட்டதாம். வாடகைக்குப் பெரிய வண்டிகள் மார்க்கெட் ஓரம் வரிசையாக நிற்கின்றன, கூப்பிட்டால் உடனே வரும். அவனிடம் அதற்கு வசதியில்லாமலில்லை. சொந்தத்தில் வண்டி இருக்கும்போது வாடகை வண்டியில் வீடு மாறினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான்.

மூவரும் கூடத்தில் இருந்தார்கள். அவள் ஒரு பூட்டைப் பிரித்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்தத் தடவை அண்ணியே கழட்டிக் குடுத்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல" என்றான் கொழுந்தன். "ஒரு நாள்தான். நீ கொஞ்சம் சொல்லு."

கணவன் சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும், அதன் பின்னால் என்ன வரும் என்பதும் தெரியும். பூட்டிலிருந்து கையை எடுக்காமல் அவனையே பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"யார்கிட்ட சொல்ல?" என்றான்.

"அண்ணிகிட்டதான்."

"அண்ணி உனக்கு எதிர்லதான் உக்காந்திருக்கா."

கொழுந்தன் புரியாமல் பார்த்தான்.

"அது அவ வண்டி" என்றான் கணவன். சொல்லிவிட்டு எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். "நீ அவகிட்ட கேளு."

கொழுந்தனுக்கு அவளிடம் சிரிக்கத் தெரியும், கேலி செய்யத் தெரியும், சாப்பாடு கேட்கத் தெரியும். இதைக் கேட்கத் தெரியவில்லை. கட்டுப் போட்ட கையை இடம் மாற்றினான். பார்வை இரண்டு தரம் அண்ணன் பக்கம் போய்த் திரும்பியது.

"அண்ணி... வண்டி... வர ஞாயித்துக்கிழமை எனக்கு வண்டி வேணும். தருவீங்களா?"

"முடியாது" என்றாள்.

அவளிடம் காரணங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிக்கடைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். ஷட்டரைக் கழற்றி மாட்டினால் ஒரு நாள் வேலை போகும். உடைந்த சேனலை இன்னும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"ஏன் அண்ணி?"

"கேட்டே, சொல்லிட்டேன்."

"அம்மா சாமானும் இருக்கு அண்ணி. அம்மா என்ன நெனைப்பாங்க?"

"அவங்க என்ன நெனைக்கறாங்கன்னுதான் அன்னிக்குத் தெருவே கேட்டுச்சே. மார்க்கெட் பக்கம் வாடகை வண்டி நிக்குது. கட்டில் ஏத்தற ஆளும் அவங்களே தருவாங்க. நம்பர் வேணும்னா தரேன்."

"நம்பர் எனக்கே தெரியும்" என்றான். குரல் உடைந்திருந்தது. கோபமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. எழுந்து, செருப்பை இடது கையால் சரிசெய்து மாட்ட முயன்று, முடியாமல் காலால் நெம்பி மாட்டிக்கொண்டு போனான்.

கணவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி தெரு திரும்பும்வரை பார்த்தான்.

"ஒத்தைக் கையோட பாவம் அவன்" என்றான்.

"பாவம்தான்" என்றாள். அதில் அவளுக்கு மறுப்பே இல்லை. "ஞாயித்துக்கிழமை நீங்க போய் ஒத்தாசை பண்ணுங்க. நடந்தே போங்க."

பூட்டுக்குள் சாவியை விட்டுத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் எண்ணெய் கேட்டது.